நம் தலைக்கு மேல் உள்ள குளிரைக் கண்டுபிடித்தவர்

கேமரன் மலைக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் பேசுவது குளிரைப் பற்றித்தான். தாப்பாவில் வியர்க்க வியர்க்க பஸ் ஏறியவர்கள் ரிங்லெட் தாண்டியதும் சுவெட்டர் தேடுவார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறு டிகிரி குறையும் என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். சரி, தானா ராத்தாவுக்கும் மேலே ஏறிக்கொண்டே போனால்? குளிர் எங்கே போய் நிற்கும்?

இதற்கு 1929-இல் தெளிவான பதில் தந்தவர் நம் தமிழர் ஒருவர். நம்ம போ தேயிலைத் தோட்டம் தொடங்கியதும் அதே வருஷம்தான்.

கல்பாத்தி இராமகிருஷ்ண இராமநாதன் 28 பிப்ரவரி 1893-இல், பாலக்காட்டுக் கல்பாத்தியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். அப்பா சமஸ்கிருத அறிஞர். வானசாஸ்திரத்திலும் ஈடுபாடு உண்டு. சென்னை பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, 1914-இல் திருவனந்தபுரத்தில் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த ஊரில் அடிக்கிற இடிமழையையே ஆராய்ச்சிப் பொருளாக்கிக்கொண்டார். பிறகு கல்கத்தாவில் சி. வி. ராமனிடம் சேர்ந்தார். ரங்கூனில் ஆசிரியர் வேலை கிடைத்த பின்பும் விடுமுறை வந்தால் கல்கத்தாவுக்குத்தான் போவார்.

1923-இல் அங்கே சூரிய ஒளியை வடிகட்டி நீருக்குள் செலுத்திப் பார்த்தபோது, இருக்கக் கூடாத நிறத்தில் ஒரு மங்கலான ஒளி தெரிந்தது. நீரில் அழுக்கு இருக்குமோ என்று திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தார்கள். அது போகவில்லை. ஐந்து வருஷம் கழித்து ராமன் விளைவு என்று உலகம் அறிந்தது இந்த ஒளியைத்தான். அறிவிப்பு வந்த நாள் 28 பிப்ரவரி 1928, இராமநாதனின் பிறந்தநாள்! நோபல் பரிசை நழுவவிட்டவர் என்று சிலர் இவரைச் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஏனென்றால் அதற்குள் அவர் வேறொரு பெரிய வேலைக்குள் போயிருந்தார்.

1925-இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். ஆக்ராவிலிருந்து பலூன்களில் சின்னக் கருவிகளைக் கட்டி மேலே அனுப்புவார்கள். பலூன் வெடித்துக் கருவி எங்காவது வயலில் விழும். கண்டெடுத்துக் கொடுக்கிற கிராமத்தாருக்குச் சன்மானம் உண்டு. அதில் பதிவான கோடுகளைப் படித்துத்தான் மேலே எவ்வளவு குளிர் என்று கணக்கிட வேண்டும். இன்று சென்சார் வைத்து புராஜெக்ட் செய்கிற எனக்கே இதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

அந்தக் கணக்குகளையும் மற்ற நாடுகளின் கணக்குகளையும் சேர்த்து அவர் ஒரு படம் வரைந்தார். துருவத்துக்கு மேலேதான் காற்று ரொம்பக் குளிர் என்றுதானே நினைப்போம்? படம் வேறு மாதிரி சொன்னது. பலூன் எட்டிய உயரங்களில் மிகக் குளிர்ந்த காற்று நிலநடுக்கோட்டுக்கு மேலே, சுமார் 17 கிலோமீட்டர் உயரத்தில், ஒரு தட்டையான வளையம்போல் பூமியைச் சுற்றிக் கிடக்கிறது. வெப்பம் மைனஸ் 88 டிகிரி அளவு. காரணம், நம் பகுதியில் சூடேறிய ஈரக்காற்று அவ்வளவு உயரம் பொங்கி எழுகிறது. எழ எழ விரிந்து குளிர்கிறது. துருவத்தில் அந்த எழுச்சி பாதி உயரத்திலேயே நின்றுவிடும். ஆக, உலகத்தின் சூடான பகுதியில் வாழ்கிற நம் தலைக்கு நேர் மேலேதான் அந்தக் குளிர்! 1949-இல் பிரூவர் என்ற ஆங்கிலேயர், மேல் வளிமண்டலம் ஏன் இவ்வளவு வறண்டிருக்கிறது என்று விளக்கியபோது, காற்று இந்தக் குளிர்வாசலில் நீரை உறையவிட்டுத்தான் மேலே போகிறது என்றார்.

1948-இல் ஓய்வுபெற்றார். உடனே விக்ரம் சாராபாய் தொடங்கிய அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கு முதல் இயக்குநர் ஆனார். அங்கே ஓசோன்தான் அவருக்கு எல்லாம். சூரியன் அடங்கும் நேரத்தில் உச்சி வானத்து ஒளியை அளந்து, எந்த உயரத்தில் எவ்வளவு ஓசோன் என்று கணக்கிட்டார்கள். குளிர்கிறதே என்று நம் மலைவெயிலை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. ஆனால் உயரம் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் கூடும். கொழுந்து பறிக்கும் அம்மாக்களுக்கும் நமக்கும் மேலே இருக்கிற குடை அந்த ஓசோன்தான்.

1954 முதல் 1957 வரை உலகப் புவி இயற்பியல் சங்கத்தின் தலைவராக இருந்தார். 1976-இல் பத்ம விபூஷண். 31 டிசம்பர் 1984-இல், 91 வயதில் காலமானார். அடுத்த ஐந்தே மாதத்தில், அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் கரைந்துபோயிருப்பதாக ஆங்கிலேய விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அவர்கள் அளந்ததும் டாப்சன் கருவியை வைத்துத்தான். இராமநாதன் பல வருஷம் வானத்தைப் பார்த்ததும் அதே வகைக் கருவியில்தான்.