கொல்லன் மகன் கண்ட அறிவுலகம்

இலண்டன் மாநகரின் தென்புறத்தே, 1791ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள் மைக்கேல் ஃபாரடே பிறந்தார். தந்தையார் நோயால் நலிந்த இரும்புக் கொல்லர். எழுத்தும் வாசிப்பும் சிறிது கணக்குமே சிறுவர் பெற்ற பள்ளிக்கல்வி. அந்நாளில் ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் பெரும்பாலும் செல்வர் மக்களுக்கே உரியனவாயிருந்தன. அரசுத் திருச்சபையைச் சாராதோர் அங்கே பட்டம் பெறவும் இயலாது. ஃபாரடே குடும்பத்தாரோ சாண்டிமேனியர் என்னும் சிறு சமயக் குழுவினர்.

1805இல் அவர் ரீபோ என்பவரிடம் நூற்கட்டுத் தொழில் பயிலச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த நூல்களைப் படிக்க முதலாளி தடை சொல்லவில்லை. டேட்டம் என்பாரின் அறிவியல் உரைகளைக் கேட்கக் கட்டணம் ஒரு ஷில்லிங். அதனை, கொல்லுத் தொழில் செய்த தமையனார் ராபர்ட் தந்து உதவினார். 1812இல், கடைக்கு வரும் டான்ஸ் என்னும் பெரியவர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ஃப்ரி டேவி ஆற்றிய உரைகளுக்கு நுழைவுச்சீட்டு அளித்தார். கேட்டவற்றை எழுதித் தம் கையாலேயே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார் ஃபாரடே. 1813இல் ஆய்வுக்கூட உதவியாளர் பணி கிட்டியது.

ஆயினும் பிறப்பின் சுவர் இடிந்துவிடவில்லை. அவ்வாண்டே டேவியுடன் ஐரோப்பியப் பயணம் சென்றபோது பணியாள் வேலையும் அவர் தலையில் விழுந்தது. டேவியின் மனைவியார் அவரை வேலைக்காரராகவே நடத்தினார். நாடு திரும்பிவிடலாமா என்று எண்ணுமளவு மனம் நொந்தும், ஆம்பியர், வோல்ட்டா முதலிய அறிஞரைக் காணும் பேற்றினை இழக்க விரும்பாமல் பொறுத்திருந்தார். 1824இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்வானபோது, எதிர்த்தவர் அதன் தலைவராயிருந்த அதே டேவி!

1831இல் ஃபாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். இன்று நம் இல்லங்களுக்கு மின்சாரம் வழங்கும் மின்னாக்கிகள் அந்நெறியிலேயே இயங்குகின்றன. புகழ் வந்தபின் சர் பட்டத்தையும் ராயல் சொசைட்டியின் தலைமையையும் வேண்டாவென விலக்கினார். இளையோர்க்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுத் தொடரை மட்டும் 1827 முதல் 1860 வரை 19 முறை விரும்பி நிகழ்த்தினார். 1867ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25ஆம் நாள் மறைந்தார்.

ஃபாரடேயின் உழைப்பு பெரிது. எனினும் முதலாளி தந்த இசைவும், தமையன் தந்த ஷில்லிங்கும், பெரியவர் தந்த நுழைவுச்சீட்டும் இல்லையேல் அவ்வுழைப்பு நூற்கட்டுக் கடையோடு நின்றிருக்கும். இவற்றுள் எதுவும் பெருஞ்செல்வர் மட்டுமே செய்யத்தக்க கொடையன்று. விழா முடிந்து இல்லம் திரும்பும் நாம், கட்டணமின்றியும் நூலின்றியும் தயங்கி நிற்கும் ஒரு பிள்ளையேனும் நம் தெருவில் உண்டா எனக் கேட்டறிவோமாக.