மண்ணை ஒட்டிக் கம்பி இழுத்த மனிதர்: ஹெரால்டு பெவரேஜ்



வால்வு ரேடியோ காலத்தை நினைவு வைத்திருப்பவர்கள் நம் குடியிருப்பில் இன்னும் சிலர் இருக்கிறீர்கள். இலங்கை வானொலி தெளிவாகக் கேட்க வேண்டும் என்று ஓட்டு வீட்டின் மேல் மூங்கில் நட்டு ஏரியல் கட்டியிருப்பீர்கள். பிறகு தொலைக்காட்சி வந்தது. ரூபவாஹினி தெரிய வேண்டும் என்று இரும்புக் குழாயின் மேல் குழாய் சொருகி உயர்த்தினோம். எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது என்பதுதான் எல்லோருடைய எண்ணமும்.

நீண்ட அலைகளைப் பொறுத்தவரை அந்த எண்ணத்தைத் தலைகீழாக்கியவர் ஒருவர் உண்டு. உலகெங்கும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் தினமும் உச்சரிக்கும் பெயர் அவருடையது: ஹெரால்டு ஹென்றி பெவரேஜ். குடிக்கும் பானத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. அவர் கண்டுபிடித்த 'பெவரேஜ் ஆன்டெனா' நூறு ஆண்டுகள் கடந்தும் அதே பெயரில், ஏறக்குறைய அதே வடிவில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அவர் வாழ்க்கையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் விரும்புவதற்கு நம் ஊர் சார்ந்த காரணமும் ஒன்று உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தீவில் பிறந்தவர்

1893 அக்டோபர் 14 அன்று அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், நார்த் ஹேவன் என்ற சிறு தீவில் பெவரேஜ் பிறந்தார். மெய்ன் பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் படித்து 1915இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டு ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அடுத்த ஆண்டே எர்ன்ஸ்ட் அலெக்சாண்டர்சன் என்ற பெரிய பொறியாளரிடம் உதவியாளராகச் சேர்ந்தார்.

கண்டம் விட்டுக் கண்டம் செய்தி அனுப்ப அப்போது மிக நீளமான அலைகளைத்தான் நம்பியிருந்தார்கள். ஒரே அலை பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் நீளும். அதை உண்டாக்க மின்சார ஜெனரேட்டர் போலவே சுழலும் ராட்சத இயந்திரங்களை அலெக்சாண்டர்சன் வடிவமைத்திருந்தார். அனுப்புவதில் பெரிய சிக்கல் இல்லை. கேட்பதில்தான் சிக்கல். தெற்கிலும் தென்மேற்கிலும் வெப்பமண்டலப் பகுதிகளில் இடியும் மின்னலும் உண்டாக்கும் கரகரப்பு, ஐரோப்பாவிலிருந்து வரும் மெல்லிய மோர்ஸ் ஒலியை மூழ்கடித்துவிடும். ஆன்டெனாவை இன்னும் உயர்த்தினால் ஒலி கூடும், கரகரப்பும் அதே அளவு கூடும். வசூல் பெருகப் பெருகச் செலவும் பெருகினால் கையில் மிச்சம் எப்படி நிற்கும்?

கம்பியைத் தாழ்த்தினார்

1919இல் மெய்ன் கடலோரத்தில் ஆட்டர் கிளிஃப்ஸ் வானொலி நிலையத்தில், தரையை ஒட்டி இழுத்த நீண்ட கம்பிகளைக் கொண்டு பெவரேஜ் சோதனைகள் செய்தார். விஷயம் 1920இல் பிடிபட்டது. அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொறியியல் தெரியாத என்னைப் போன்ற வணிகவியல் பட்டதாரிக்கே புரிந்த விஷயம் இது.

வானொலி அலை நிலத்தின் மேல் செல்லும்போது அதன் கால் பகுதி மண்ணில் இழுபடுகிறது. அதனால் அலை நேராக நிற்காமல் சற்று முன்னால் சாய்ந்தபடி ஓடுகிறது. அது ஓடும் திசையிலேயே நீண்ட கம்பி ஒன்று கிடந்தால், சாய்ந்த அலை கம்பி நெடுகக் கூடவே ஓடி, அடிக்கு அடி அதில் மின்னோட்டத்தைச் சேர்த்துக்கொண்டே போகும். கம்பியின் மறுமுனையை அடையும்போது கணிசமாகச் சேர்ந்திருக்கும். ரேடியோவை அங்கே இணைக்க வேண்டும்.

எதிர்த் திசையிலிருந்து வரும் கரகரப்பும் இப்படியே சேரும். ஆனால் அது சேர்ந்து குவிவது ரேடியோ இல்லாத முனையில். அந்த முனையைப் பொருத்தமான ஒரு ரெசிஸ்டர் வழியாக மண்ணோடு இணைத்துவிட்டால், வேண்டாதது அங்கேயே கரைந்துவிடும். பெவரேஜ் கண்டது இவ்வளவுதான். கம்பியை ஐரோப்பா இருக்கும் வடகிழக்கு நோக்கி இழுத்து, வடகிழக்கு முனையில் ரெசிஸ்டரை வைத்தார். தென்மேற்கு முனையில் ரேடியோ. ஐரோப்பாவின் செய்தி கேட்டது, தென்மேற்கின் இடி அடங்கியது.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். மண் மோசமாக இருந்தால்தான் இந்த ஆன்டெனா நன்றாக வேலை செய்யும். உப்புநீரின் மேல் அலை சாயவே சாயாது, பலனும் இல்லை. காய்ந்த மணல், பாறை நிலம் என்றால் அருமை. நம் பக்கத்துக்குச் சொன்னால், நெல்லிக்குப்பத்துக் கரும்பு வயலைவிடப் பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்பு இதற்கு ஏற்ற இடம்.

1921 ஜூன் 7 அன்று காப்புரிமை கிடைத்தது. அவர் அப்போது ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்கு மாறியிருந்தார். நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், ரிவர்ஹெட் என்ற ஊரில் ஒன்பது மைல், அதாவது 14 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான கம்பியை அந்த நிறுவனம் இழுத்தது. நம் ஊர் ரயில் நிலையத்திலிருந்து கடலூர் நோக்கி இழுத்தால் நெல்லிக்குப்பத்தையும் தாண்டிப் போகும் நீளம் அது. செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் இருவருடனும் சேர்ந்து இதன் கணக்கையெல்லாம் பெவரேஜ் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். 1925இல் இன்றைய ஸ்பீக்கருக்கு முன்னோடியான ஒலிபெருக்கியை உலகுக்குத் தந்தவர்களும் இதே ரைஸ், கெல்லாக் இருவர்தாம்.

கூடாரத்தில் கேட்ட குரல்

சொந்தப் பணத்தில், சொந்த ஆர்வத்தில் வானொலி அமைத்துப் பேசுபவர்கள் அமெச்சூர்கள். பெவரேஜும் அவர்களில் ஒருவர். அவரது அழைப்புக்குறி டபிள்யூ2பிஎம்எல். 200 மீட்டருக்குக் குறைவான அலைகளால் பயனில்லை என்று கருதி, அரசு அவற்றை அமெச்சூர்களுக்கு ஒதுக்கியிருந்தது. அத்தகைய சிறிய அலையும் சிறிய மின்திறனும் அட்லாண்டிக்கைக் கடக்குமா என்பது அன்றைய பெரிய கேள்வி.

1921 டிசம்பரில் பால் காட்லி என்ற அமெச்சூர் அமெரிக்காவிலிருந்து ஸ்காட்லாந்துக்குக் கப்பலில் போனார். ஆர்ட்ராசன் என்ற கடலோர ஊரில், கடுங்குளிரில் கூடாரம் அடித்தார். சுமார் 1,300 அடி நீளத்துக்கு ஒரு பெவரேஜ் கம்பியைத் தாழ்வாக இழுத்துக் கட்டினார். கனெக்டிகட் மாநிலத்தில் அமெச்சூர்கள் சேர்ந்து அமைத்த 1பிசிஜி நிலையத்தின் முழுச் செய்தியும் அந்தக் கூடாரத்துக்கு வந்து சேர்ந்தது. அமெச்சூர்களால் கடல் கடந்து பேச முடியும் என்பது அன்று நிரூபணமானது. குறுகிய அலைகளின் பக்கம் உலகம் திரும்பியதில் இந்தச் சோதனைக்கும் பங்கு உண்டு.

1927 ஜனவரி 7 அன்று நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையே பொதுமக்களுக்கான வானொலித் தொலைபேசி தொடங்கியது. மூன்று நிமிடப் பேச்சுக்கு 75 டாலர் கட்டணம். லண்டன் குரலை அமெரிக்கக் கரையில் பிடித்தது மெய்ன் மாநிலத்து ஹூல்டன் என்ற ஊரில் இழுத்திருந்த பெவரேஜ் கம்பிகள்தாம்.

பிற்காலம்

அந்த ஒன்றோடு அவர் நிற்கவில்லை. சிற்றலைகளில் ஒலி ஏறி இறங்கும் தொல்லை உங்களுக்கு நினைவிருக்கும். ஓரிடத்தில் ஒலி மங்கும் அதே நொடியில் சற்றுத் தள்ளி இன்னோரிடத்தில் மங்காமல் இருக்கும். ஆன்டெனாக்களைத் தள்ளித் தள்ளி வைத்து, நன்றாகக் கேட்பதை எடுத்துக்கொள்ளும் முறையை ஹெரால்டு பீட்டர்சனுடன் சேர்ந்து உருவாக்கினார். இன்று உங்கள் வீட்டு வைஃபை பெட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆன்டெனாக்கள் இருப்பதற்கு அடிப்படை இந்த யோசனைதான்.

1937இல் அமெரிக்க வானொலிப் பொறியாளர் கழகத்தின் தலைவரானார். 1945இல் அக்கழகத்தின் மிக உயர்ந்த கௌரவப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் ராணுவத் தகவல் தொடர்புக்கு ஆலோசகராக இருந்தார். 40க்கும் மேற்பட்ட காப்புரிமைகளைப் பெற்றவர், 1958இல் ஓய்வு பெற்றார். 1993 ஜனவரி 27 அன்று, 99ஆம் வயதில் காலமானார்.

நமக்கு என்ன?

சுவீடனில் கிரிமெட்டன் என்ற ஊரில் அலெக்சாண்டர்சனின் பழைய இயந்திரம் ஒன்று இன்றும் உயிரோடு இருக்கிறது. யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமான அந்த நிலையம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் போன்ற விசேஷ நாட்களில் 17.2 கிலோஹெர்ட்ஸில் வாழ்த்துச் செய்தி அனுப்பும். உலகெங்கும் ஆர்வலர்கள் அதைப் பிடிக்கக் காத்திருப்பார்கள். 2007, 2012 ஆண்டுகளின் உலக வானொலி மாநாடுகள் 136, 475 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய தாழ் அலைவரிசைகளை அமெச்சூர்களுக்கு ஒதுக்கின. இடமில்லாதவர்கள் கம்பியைத் தரையிலேயே கிடத்திவிட்டுக் கேட்கிறார்கள்.

இப்போது நம் ஊர்க் காரணம். 2004 சுனாமியில் அந்தமான் துண்டிக்கப்பட்டபோது, அங்கே முகாமிட்டிருந்த அமெச்சூர்கள்தாம் செய்திகளை வெளியே கொண்டுவந்தார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் மாவட்டத்தில் கரை கடந்தபோது கம்பம், கோபுரம், மரம் எல்லாம் சாய்ந்ததைப் பார்த்தோம். உயர்ந்து நின்றவைதான் விழுந்தன. தரையில் கிடக்கும் கம்பியைப் புயல் என்ன செய்துவிடும்?

பெவரேஜை மல்லுக்கு நிறுத்திய கரகரப்பு வானத்து இடியிலிருந்து வந்தது. நமது கரகரப்பு நம் வீட்டிலேயே பிறக்கிறது. மலிவான எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் ஒவ்வொன்றும் மத்திய அலையைக் கெடுக்கின்றன. சந்தேகமிருந்தால் ஒரு பழைய டிரான்சிஸ்டரை அவற்றின் அருகே கொண்டுபோய்ப் பாருங்கள்.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் பிள்ளைகள் யாராவது வானொலியில் ஆர்வம் கொண்டு, பின்பக்கச் சுற்றுச்சுவர் ஓரம் ஒரு கம்பி போட்டுக் கேட்டுப் பார்க்கலாமா என்று வந்தால், மறுக்காதீர்கள். மின்வாரியக் கம்பியிலிருந்து விலகி இருக்க வேண்டும், யார் காலும் தடுக்கக் கூடாது, இடி மின்னல் நேரத்தில் கழற்றிவிட வேண்டும். இந்த மூன்றையும் நிபந்தனையாக வையுங்கள். நம் வளாகத்தில் கிடைக்கும் நீளம் முழுப் பலன் தராதுதான். ஆனாலும் அடுத்த புயலில் செல்போன் கோபுரம் ஓய்ந்துபோனால், வெளியே நடப்பதைக் கேட்டுச் சொல்லத் தெரிந்தவர் நம் வளாகத்தில் ஒருவராவது இருப்பார்.