செலவைக் குறைத்த லாரி பேக்கர்

திருவனந்தபுரம் தம்பானூரில் சுற்றிச் சுற்றி மேலேறும் செங்கல் காபி ஹவுஸைப் பார்த்திருப்பீர்கள். அதை வடிவமைத்தவர் லாரி பேக்கர். 1917-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். போர்க்காலத்தில் பம்பாயில் காந்தியைச் சந்தித்த பின், இந்தியாவுக்கே திரும்பி வந்துவிட்டார். உள்ளூர்க் கல்லும் மண்ணும் கொண்டு வீடு கட்டும் முறையை இமயமலைக் கிராமங்களில் கற்றார். பிறகு கேரளத்தில் குடியேறினார்.

செங்கல்லைப் படுக்கப் போடாமல் நிறுத்தி வைத்து, நடுவே இடைவெளி விட்டுச் சுவர் எழுப்பினார். ஏறக்குறைய கால் பங்கு செங்கல் மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று வெயிலையும் தடுக்கும். தளக் கான்கிரீட்டில் பழைய ஓடுகளைப் பதித்து சிமெண்டைக் குறைத்தார். 1990-ல் பத்மஸ்ரீ பெற்றார். 2007-ல் காலமானார்.

மாடி எழுப்பப் போகிறீர்களா? எஸ்டிமேட்டுக்குச் சம்மதிக்கும் முன் இந்த இரண்டு முறைகளும் ஒத்துவருமா என்று இன்ஜினியரிடம் கேளுங்கள். கட்டும்போது செங்கல் மிச்சம், குடியேறிய பின் கரண்ட் பில் மிச்சம்.