இயர்பீஸ் மாட்டிவிட்ட கோச்!

டீமோட லேப்டாப் இல்லாம இன்னைக்கு ஒரு மேட்ச்சை நினைச்சுப் பார்க்க முடியுமா உங்களால? அதை ஆரம்பத்திலேயே கையில் எடுத்த கோச்களில் ஒருவர், பாப் உல்மர்.

1948-ல் நம்ம கான்பூரில் பிறந்த இங்கிலாந்து ஆல்ரவுண்டர். ஆடியது 19 டெஸ்ட். அடித்த மூன்று சதங்களுமே ஆஸ்திரேலியாவுக்கு எதிராக!

ஆனா, கோச் உல்மர்தான் செம சுவாரஸ்யம். 1999 உலகக் கோப்பை, இந்தியாவுடன் மேட்ச். தென்னாப்பிரிக்க கேப்டன் ஹன்சி குரோனியே காதில் இயர்பீஸை மாட்டிவிட்டு, வெளியே இருந்தே ஐடியா கொடுத்தார். பாதியிலேயே கழற்றச் சொல்லிட்டாங்க. அதைத் தடுக்க அப்போ விதியே கிடையாது என்பதுதான் காமெடி.

2007 மார்ச் 17, அவர் பயிற்சி கொடுத்த பாகிஸ்தான், அயர்லாந்திடம் தோற்றது. மறுநாள் ஜமைக்காவில் உல்மர் இறந்துபோனார். கொலை என்றது போலீஸ். ஜூனில், இயற்கை மரணம் என்று மாற்றிச் சொன்னது. ஜூரியோ எந்த முடிவுக்கும் வரவில்லை.

அவர் உழைத்துவந்த கோச்சிங் புத்தகம், 2008-ல் அவர் இல்லாமலே வெளியானது.