மூளையைக் காக்கும் வளையம்

உடல் எடையில் நூற்றில் இரண்டு பங்கே உள்ள மூளை, இதயம் வெளியேற்றும் குருதியில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கைப் பெறுகிறது. அவ்வரவு சில நொடிகள் தடைப்பட்டாலே நினைவு தப்பும். சில நிமிடங்கள் நீடித்தால் மூளையின் உயிரணுக்கள் மடியத் தொடங்கும். இத்துணை நொய்ம்மையான உறுப்பு, குருதி அழுத்தம் தாழும் வேளையிலும் நிலைகுலையாதிருப்பது எங்ஙனம்? இவ்வினாவிற்கு வழிதிறந்தவர்களுள் முதன்மையானவர் தாமஸ் வில்லிஸ்.

வில்லிஸ் 1621ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் கற்றுவந்தபோது உள்நாட்டுப் போர் மூண்டது. மன்னர் தரப்பில் படைக்கலம் ஏந்திய அவர், 1646இல் மருத்துவப் பட்டம் பெற்றார். தொடக்கத்தில் அவரை நாடி வந்தோர் சிலரே. சந்தை கூடும் ஊர்களுக்குத் தாமே சென்று, நோயாளிகளைத் தேடி மருத்துவம் பார்த்தார்.

1650ஆம் ஆண்டு டிசம்பரில் வியத்தகு நிகழ்வொன்று நேர்ந்தது. பெற்ற குழந்தையைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஆன் கிரீன் என்னும் பணிப்பெண் ஆக்ஸ்ஃபோர்டில் தூக்கிலிடப்பட்டார். உடற்கூறாய்விற்காகக் கொண்டுவரப்பட்ட பேழையைத் திறந்தபோது, அவரிடம் மூச்சின் அறிகுறி தென்பட்டது. வில்லிஸும் வில்லியம் பெட்டியும் அறுவைக் கத்தியைக் கைவிட்டனர். கைகால்களைத் தேய்த்தும் உடலுக்கு வெம்மையூட்டியும் அவரைப் பிழைக்கவைத்தனர். பின்னர் மன்னிக்கப்பட்ட அப்பெண், மணம்புரிந்து மக்களைப் பெற்று வாழ்ந்தார்.

1660இல் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியரான வில்லிஸ், மூளை ஆய்வில் முழுமூச்சாக ஈடுபட்டார். ரிச்சர்டு லோவர் ஆய்வுக்குத் துணைநின்றார்; பிற்காலத்தில் இலண்டன் புனித பவுல் பேராலயத்தை வடிவமைத்த கிறிஸ்டோபர் ரென் படங்கள் வரைந்தார். மூளையின் அடிப்பகுதியில், முன்புறக் கழுத்துத் தமனிகளும் பின்புற முள்ளெலும்புத் தமனிகளும் கிளைகளால் இணைந்து வளையமாக அமைந்திருந்தன. அவ்வமைப்பை அவருக்கு முன்பே சிலர் கண்டிருந்தனர். எனினும், அதன் பயனைத் தெளிவுறுத்தியவர் வில்லிஸே. ஒருபுறத் தமனியில் செலுத்திய வண்ணநீர் மறுபுறத்தை அடைவதை அவர் கண்டார். ஒருவரது உடலை ஆராய்ந்தபோது, வலப்புறக் கழுத்துத் தமனி அடைபட்டிருந்தது. அதே பக்கத்து முள்ளெலும்புத் தமனியோ பெருத்திருந்தது. ஒரு வாய்க்கால் தூர்ந்தால் மற்றொன்று வயலுக்கு நீர் தருவதுபோல, ஒரு தமனியின் குறையை மற்றொன்று ஈடுசெய்வதை அவர் உணர்ந்தார். 1664இல் வெளிவந்த மூளையின் உடற்கூறு குறித்த அவரது இலத்தீன் நூல் இவற்றை விளக்கியது. அவ்வளையம் இன்றும் வில்லிஸ் வளையம் என்றே வழங்கப்படுகிறது.

இதயத்துடிப்பு போன்ற தன்னியக்கச் செயல்களுக்குச் சிறுமூளையே காரணம் என அவர் கருதினார். அப்பொறுப்பு முகுளத்திற்கு உரியது என்பதைப் பிற்கால ஆய்வு காட்டியது. அழுத்தம் தாழும்போது, கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் உள்ள உணர்வாங்கிகள் அதனை முகுளத்திற்கு அறிவிக்கின்றன. முகுளம் இதயத்தை விரைவுபடுத்தி, உடலின் பிற குருதிக்குழாய்களைச் சுருக்குகிறது. மூளையின் நுண்தமனிகளோ தாமே விரிந்து குருதி வரவைக் காக்கின்றன. அழுத்தம் மிகவும் தாழ்ந்தால் இக்காப்பும் தளரும். அப்போது, இரு பெருந்தமனிக் கிளைகளின் எல்லையில் உள்ள பகுதிகள், கடைமடை வயல்களைப்போல முதலில் வாடுகின்றன. வளையமும் எல்லாரிடத்தும் முழுமையாக அமைவதில்லை. ஆதலால், ஒரே அடைப்பு ஒருவரைத் தீண்டாமல் விடுவதும் மற்றொருவரை முடக்குவதும் உண்டு.

1667இல் இலண்டனில் குடியேறிப் பெரும்புகழ் எய்திய வில்லிஸ், 1675இல் தம் 54ஆம் அகவையில் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். உயிர் நீங்கிய உடல்களில் அவர் கண்டறிந்த உண்மை, உயிருக்குப் போராடுவோரைக் காக்கும் மருத்துவர்க்கு இன்றும் துணைநிற்கிறது.