கோட்டையும் கைதியும்

நம் கல்லூரி நூலகத்தில் ஓவிய நூல் ஒன்றைப் புரட்டிக் கொண்டிருந்தேன். ஒரு படத்தில் என் கண்கள் நிலைத்துவிட்டன. குன்றின்மேல் இடிந்த கோட்டை. அதன் பின்னே ஒளி படர்ந்த வானம். அழகான இயற்கைக் காட்சி என்றே முதலில் எண்ணினேன். வரைந்தவரின் வரலாற்றைப் படித்தபின் அவ்வாறு எண்ண முடியவில்லை.

அவர்தான் ஆங்கில ஓவியர் டர்னர். 1775-ஆம் ஆண்டு இலண்டனில் முடிதிருத்தும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். சிறுவன் தீட்டிய படங்களைத் தந்தை தம் கடையிலேயே மாட்டி விற்றார். பதினான்காம் வயதில் இராயல் அகாதெமியின் பள்ளி அவரைச் சேர்த்துக்கொண்டது.

இளமையில் அவர் வேல்சு நாட்டு மலைகளில் சுற்றித் திரிந்தார். அங்கே லின் பெரிஸ் ஏரிக்கரையில் நிற்கிறது டோல்படார்ன் கோட்டை. 13-ஆம் நூற்றாண்டில் லீவெலின் என்னும் இளவரசர், ஆட்சிப் போட்டியில் தம் அண்ணன் ஓவைனை வென்று, இருபது ஆண்டுகளுக்கு மேல் சிறை வைத்தார். அந்தச் சிறை இக்கோட்டைதான் என்பது வழிவழியாக வரும் செய்தி. டர்னர் அதையே வரைந்து 1800-இல் காட்சிக்கு வைத்தார். கோபுரம் வானளாவ நிற்கிறது; கைதியோ அடிவாரத்தில் ஒரு சிற்றுருவம்.

அதே 1800-ஆம் ஆண்டில்தான், மனநோயுற்றிருந்த டர்னரின் தாய் மேரி பெத்லம் மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். 1804-இல் அவர் இறந்தார். இதற்கிடையே, 1802-இல் டர்னர் அகாதெமியின் முழு உறுப்பினரானார். உறுப்பினராவோர் தம் படைப்பு ஒன்றை அளிப்பது அங்கு வழக்கம். டர்னர் அளித்தது இந்தக் கோட்டையைத்தான்!

தாயின் துயரமே ஓவியமாயிற்று என்று நான் வாதிட வரவில்லை. ஆண்டுகளை அருகருகே வைத்துப் பார்க்கிறேன், நெஞ்சம் கனக்கிறது.

பின்னாளில் தந்தை மகனோடு வாழ்ந்து, அவருடைய ஓவியப் பணிகளுக்கு 1829-இல் இறக்கும்வரை துணை நின்றார். 1851-இல் மறைந்த டர்னர், தம்மிடமிருந்த ஓவியங்களை நாட்டுக்கென எழுதி வைத்திருந்தார். அவர் உடல் தூய பவுல் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

நண்பர்களே, இடிந்த கோட்டையைக் கண்டால் கட்டிய மன்னன் யார் என்று கேட்கிறோம். வரலாற்று மாணவனாகிய நானும் அப்படியே கேட்டு வந்தேன். உள்ளே கிடந்தவர் யார் என்றும் கேட்க வேண்டும் என்பதை ஓர் ஓவியர் எனக்குக் கற்றுத் தந்தார்.