எனக்குப் பிடித்த ஓவியர்: திவாலான ரெம்ப்ராண்ட்

நான் பி.காம். படித்து, வங்கியில் குமாஸ்தாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓவியம் முறையாகக் கற்றவன் இல்லை. அதனால் ஓர் ஓவியரின் வாழ்க்கையை நான் சொன்னால் கடன், தவணை, வட்டி எல்லாம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். ரெம்ப்ராண்ட் விஷயத்தில் அதெல்லாம் இல்லாமல் கதையும் இல்லை.

1606-ல் ஹாலந்தின் லெய்டன் நகரில் பிறந்தார். அப்பா மாவு மில் வைத்திருந்தவர், அம்மா ரொட்டிக்கடைக்காரர் வீட்டுப் பெண். பையன் பெரிய படிப்பு படிக்கட்டும் என்று பல்கலைக்கழகத்தில் பெயர் பதிந்தார்கள். அவர் தூரிகையைப் பிடித்துக்கொண்டார். 25 வயது வாக்கில் ஆம்ஸ்டர்டாமில் குடியேறினார். 1632-ல் டாக்டர் டுல்ப் என்பவர் பிணத்தை அறுத்துப் பாடம் நடத்தும் காட்சியை வரைந்ததும் ஊரே அவரைத் தேடி வந்தது. 1634-ல் வசதியான குடும்பத்துப் பெண்ணான சாஸ்கியாவை மணந்தார்.

1639-ல் 13,000 கில்டருக்கு ஒரு பெரிய வீடு வாங்கினார். ஒரு கைத்தொழிலாளியின் வருட வருமானம் சில நூறு கில்டர்தான் என்பதை வைத்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கொஞ்சம் முன்பணம், மீதி தவணை. அப்போது அவருக்கு வருமானம் நன்றாகவே இருந்தது, கட்டியிருக்கலாம். ஆனால் கையில் பணம் வந்தால் ஏலக்கடைக்குப் போய்விடுவார். ரோமானியச் சக்கரவர்த்திகளின் சிலைகள், பழைய தலைக்கவசங்கள், கடல் சிப்பிகள், இத்தாலிய ஓவியர்களின் அச்சுப் படங்கள் என்று வாங்கிக் குவித்தார். வீட்டுத் தவணை அப்படியே நின்றது.

முதல் மூன்று குழந்தைகளும் பிறந்த சில வாரங்களில் இறந்தன. நான்காவது மகன் டைட்டஸ் பிழைத்தான். அவனுக்கு ஒரு வயது முடிவதற்குள், 1642-ல், சாஸ்கியா போய்விட்டாள். முப்பது வயதுகூட ஆகவில்லை. அவளுடைய உயிலின்படி சொத்தில் அவள் பாதி டைட்டஸுக்கு. ரெம்ப்ராண்ட் மறுமணம் செய்யாதவரை அதை அனுபவிக்கலாம். இந்த ஒரு ஷரத்து பின்னால் அவர் வாழ்க்கையையே ஆட்டிவைத்தது.

அதே வருடம்தான் புகழ்பெற்ற ‘இரவுக் காவல்’ முடிந்தது. அந்தப் படம் பிடிக்காமல் போனதால் அவருக்கு வேலை நின்றுவிட்டது என்று ஒரு கதை இன்றும் உலாவுகிறது. நம்பாதீர்கள், அதற்கான கூலி முழுதாகக் கிடைத்தது. சொல்லப்போனால் அது இரவுக் காட்சியே இல்லை. மேலே பூசிய வார்னிஷ் கறுத்துப்போய் அந்தப் பெயர் வந்தது.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். டைட்டஸைப் பார்த்துக்கொள்ள வந்த கீர்ட்யே என்ற பெண்ணோடு சில வருடம் வாழ்ந்தார். பிறகு மனஸ்தாபம். கல்யாணம் செய்துகொள்வதாக ஏமாற்றிவிட்டார் என்று அவள் வழக்குப் போட்டாள்; வருடம் 200 கில்டர் ஜீவனாம்சம் தரத் தீர்ப்பானது. அதற்குப்பின் அவளைச் சீர்திருத்தச் சிறையில் அடைக்க முன்னின்று ஏற்பாடு செய்தவரும் இவரேதான். ஐந்து வருடம் உள்ளே இருந்தாள். எவ்வளவு பெரிய ஓவியராக இருந்தாலும் இதற்குச் சமாதானம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து வந்தவள் ஹென்ட்ரிக்யே. மணம் செய்தால் சாஸ்கியாவின் சொத்து கையை விட்டுப் போகும் என்பதால் அவளை மணக்கவில்லை. தேவாலய சபை அவளைக் கூப்பிட்டுக் கண்டித்தது, அவரை அல்ல.

இதற்கிடையே இங்கிலாந்தோடு போர், வியாபார மந்தம். வீட்டை விற்றவர் பாக்கியைக் கேட்டு நெருக்க, அங்கே இங்கே கைமாற்று வாங்கி அடைத்தார். கடனை அடைக்கக் கடன், முடிவு நமக்குத் தெரிந்ததுதான். 1656 மே மாதம் வீட்டை டைட்டஸ் பெயருக்கு மாற்றினார். ஜூலையில் திவால் மனு கொடுத்தார். வங்கியில் இருந்த யாரும் இந்த இரண்டு தேதிகளையும் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார்கள். கடன் கொடுத்தவர்களும் உயர்த்தினார்கள், வழக்கு பல வருடம் நடந்தது.

அப்போது கோர்ட்டார் எடுத்த சாமான் பட்டியல் இன்றும் இருக்கிறது. 363 இனங்கள். அறை அறையாக நடந்து எழுதியிருக்கிறார்கள். வெளுக்கப் போயிருந்த சட்டை, கைக்குட்டை வரை விடவில்லை. எல்லாம் அடிமாட்டு விலைக்குப் போனது. 13,000-க்கு வாங்கிய வீடு 11,218-க்கு ஏலம் போனது.

அந்த நெருக்கடிக் காலத்தை ஒட்டித்தான் நம் நாட்டு முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து இருபதுக்கும் மேற்பட்ட படங்களை வரைந்திருக்கிறார், ஷாஜகான் உட்பட. அந்த மொகலாய மன்னர் அப்போது உயிரோடு இருந்தார்.

1660-ல் ஹென்ட்ரிக்யேயும் டைட்டஸும் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார்கள். படங்களை விற்பது அந்தக் கம்பெனி. ரெம்ப்ராண்ட் அதில் பங்குதாரர் இல்லை. படம் வரைந்து கொடுத்துவிட்டுச் சாப்பாடும் இருக்க இடமும் வாங்கிக்கொள்பவர், அவ்வளவுதான். வரைவது எதுவும் அவர் சொத்து இல்லை என்றானபின் யார் வந்து ஜப்தி செய்வது? 54 வயதில், ஒரு காலத்தில் ஊரையே காக்க வைத்த மனிதர் மகன் வீட்டுச் சாப்பாட்டில் இருந்தார்.

எனக்கு மிகவும் பிடித்த படம் இதற்குப் பிறகு வந்தது. 1662-ல் ஆம்ஸ்டர்டாம் துணி வியாபாரிகள் சங்கம் தன் தரப் பரிசோதகர்களை வரையச் சொன்னது. ஐந்து பேர், கூடவே ஒரு பணியாள். சாயம் போட்ட துணியின் தரம் பார்த்து முத்திரை வைக்கும் ஒரு வருடப் பதவி. சிவப்புக் கம்பளம் விரித்த மேஜை, அதன்மேல் திறந்த புத்தகம். அதிகாரிகள் தொப்பியோடு, பணியாள் வெறுந்தலையோடு. ஒருவர் பாதி எழுந்த நிலையில் இருக்கிறார். எல்லோரும் நிமிர்ந்து நம்மைப் பார்க்கிறார்கள்.

கவுன்டருக்கு இந்தப்புறம் பல வருடம் உட்கார்ந்தவன் நான். யாராவது வந்து நின்றால் லெட்ஜரில் விரலை வைத்தபடியே நிமிர்வோமே, அந்தப் பார்வை இது. கோபமும் இல்லை, உபசாரமும் இல்லை. ‘என்ன வேண்டும், சொல்லுங்கள்’ என்கிற முகம். ஐவரில் கத்தோலிக்கர் இரண்டு பேர். மற்ற மூவரும் வெவ்வேறு புராட்டஸ்டன்ட் பிரிவினர். ஒரே மேஜையில் ஒரே வேலை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, அந்தப் பணியாளை எங்கே நிறுத்துவது என்று ரெம்ப்ராண்ட் இடம் மாற்றி மாற்றி வரைந்தது தெரிந்தது. பணம் கொடுத்தவர்கள் ஐந்து பேர். அதிகம் மெனக்கெட்டது ஆறாவது ஆளுக்கு.

இப்படிப்பட்ட முகங்களுக்கு எதிரேதான் ஆறு வருடம் முன்பு அவர் திவால் மனுவோடு நின்றிருப்பார். பழி தீர்க்க நினைத்திருந்தால் ஒருவரையாவது கஞ்சனாக, கல்நெஞ்சனாகக் காட்டியிருக்கலாம். அப்படி யாரையும் காட்டவில்லை. வேலையை ஒழுங்காகச் செய்கிற, கொஞ்சம் களைத்த மனிதர்களாக வரைந்திருக்கிறார். நான் இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதற்காகத்தான்.

அந்த வருடமே சாஸ்கியாவின் கல்லறை இடத்தைக்கூட விற்றார். 1663-ல் ஹென்ட்ரிக்யே இறந்தாள். 1668-ல் டைட்டஸ், கல்யாணமான சில மாதங்களில். அடுத்த அக்டோபரில் அவரும் போனார். வாடகைக் குழியில் புதைத்தார்கள். இடம் எதுவென்று இன்று யாருக்கும் தெரியாது.

கடைசி ஆண்டுகளில் வரைந்த ‘ஊதாரி மகன் திரும்புதல்’ ரஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் இருக்கிறது. மகன் மண்டியிட்டிருக்கிறான், தேய்ந்த செருப்பு கழன்று பாதம் தெரிகிறது, கிழவரின் இரு கைகளும் அவன் முதுகில். மகனைக் கேள்வி கேட்கிற முகம் அந்தக் கிழவருக்கு இல்லை.

துணிப் பரிசோதகர் படம் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் உள்ளது. அதன் இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். செல்போனில் வேண்டாம், வீட்டில் பெரிய திரை இருந்தால் அதில் பாருங்கள். முதலில் பின்னால் நிற்கும் பணியாளின் முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், பிறகு மற்றவர்களிடம் வரலாம்.